கோட்டுகுவுக்குக் கரைக் கரண்ட்

சி பாலம், ஓனேபு படகுத்துறை
ஃபாங்காரே
9 ஜனவரி 1997

ரேவி,

என் கையெழுத்தைப் பார்த்ததும் தம்பியிடம் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. வரவில்லை. ‘ரெண்டு மாசம் தாங்க மாட்டா, புருஷன் காலின்கிட்டயே திரும்பி வந்துடுவா’ என்று ஊரில் இருந்தபோது கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு விமானம் ஏறினாயாமே. இப்போது ஐந்தாவது மாதம் நடக்கிறது. நான் இன்னமும் கோட்டுகுவில்தான் இருக்கிறேன். பழைய மீன்பிடிப் படகுதான், முப்பத்தாறு அடிதான், மழை பெய்தால் தலைமாட்டில் ஒரு இடத்தில் சொட்டுகிறதுதான். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக என் பெயரில் ஒரு கதவு இருக்கிறது.

எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையின் மேலாளர் ஹார்கஸ் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார். படகிலேயே குடியிருப்பவர்கள் மார்ச் 31க்குள் கரைக் கரண்டை முறைப்படி வயரிங் செய்து, ஆய்வாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லையென்றால் படகை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இப்போதைக்குப் படகுகளைக் கட்டுகிற இந்தப் பலகைப் பாலத்தின் மின்கம்பத்திலிருந்து வீட்டு எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை ஜன்னல் வழியாக இழுத்து, கெட்டிலுக்கும் விளக்குக்கும் கொடுத்திருக்கிறேன். அது செல்லாதாம்.

சொந்தக்காரரே வயரிங் செய்யலாம், ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டால் போதும் என்று சட்டம் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டேன். நானே செய்யப்போகிறேன். உன்னிடம் உதவி கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி: பதினாறு ஆம்பியர், முப்பது அடி ஓட்டம். ஒயர் எத்தனை தடிமன் வேண்டும்?

பதிலை மட்டும் எழுது. புத்திமதி வேண்டாம்.

நைரி

*

வைடாங்கி, சாத்தம் தீவு
20 ஜனவரி 1997

அக்கா,

புத்திமதி வேண்டாமென்றால் எலக்ட்ரீஷியனுக்கு எழுதியிருக்கக் கூடாது.

இருபத்தேழு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். வீட்டில் தப்பாக ஒயர் போட்டால் ஃபியூஸ் போகும். படகில் தப்பாகப் போட்டால் ஆள் போகும். சுற்றிலும் தண்ணீர், அடியில் டீசல், உள்ளே தூங்குகிற மனுஷி. நீ ஸ்கூல் பஸ் ஓட்டியவள். பஸ்ஸை நன்றாக ஓட்டினாய், அதை யாரும் மறுக்கவில்லை. இது பஸ் இல்லை.

போன வாரம் காலின் போன் பண்ணினான். ரொம்ப உடைந்து போயிருக்கிறான். வீட்டில் சாப்பாடே சரியில்லையாம். முப்பத்து நாலு வருஷத்தை ஒரு சூட்கேஸில் போட்டு மூடிவிட முடியுமா? படகை விற்றுவிடு. கோபம் தணிந்திருக்கும். வீட்டுக்குப் போ.

ஒயர் தடிமன் எல்லாம் நான் சொல்வதாக இல்லை. சொன்னால் நீ செய்துவிடுவாய்.

ரேவி

பி.கு.: அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை இன்றைக்கே கழற்று. வீட்டுச் சுவருக்குள் போடுகிற ஒற்றைக் கம்பி ஒயர் மட்டும் வாங்கிவிடாதே, ஆட்டத்தில் முறிந்துவிடும். பல இழை இருக்க வேண்டும், ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். இரண்டரை சதுர மில்லிமீட்டர்.

*

சி பாலம், ஓனேபு
2 பிப்ரவரி 1997

ரேவி,

பின்குறிப்புக்கு நன்றி. முன்குறிப்பை அடுப்பில் போட்டுவிட்டேன்.

காலினுக்குச் சாப்பாடு சரியில்லை என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இப்போது அவனே சமைக்கிறான்.

சாமான் வாங்கப் போன கதையைக் கேள். ஊரில் பெரிய எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவனுக்கு உன் வயதுதான் இருக்கும். கரை ஒயரைச் செருகுவதற்காகப் படகின் பக்கவாட்டில் பதிக்கிற மூன்று முள் செருகுவாய் வேண்டும் என்றேன்.

“உங்க வீட்டுக்காரர அனுப்புங்கம்மா. அவருக்குச் சொன்னா புரியும்.”

“எனக்கு வீட்டுக்காரர் இல்ல. படகு இருக்கு. அதுக்குத்தான் கேக்கறேன்.”

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்து, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ‘படகுக்குன்னே செஞ்சது’ என்றான். என் பையில் ஒரு காந்தம் இருந்தது. திருகாணிகளில் வைத்தேன். பச்சென்று ஒட்டியது. “இது இரும்பு. ஒரு குளிர்காலம் தாண்டாது. நீயே வச்சுக்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். காந்தத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசிக்காதே. நூலகத்தில் புத்தகம் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும்.

செருகுவாய் கடைசியில் துறைமுகச் சாலையில் படகு உடைக்கிற இடத்தில் கிடைத்தது. முன்பாதி எரிந்துபோன ஒரு படகின் பின்பாதியில் புதிதாக இருந்தது. நானே குனிந்து படுத்துக் கழற்றினேன். வெள்ளீயம் பூசிய ஒயர் ஊரிலேயே இல்லை. ஆக்லாந்திலிருந்து என் பழைய பஸ் கம்பெனி டிரைவர் ஒருவன் முழுச் சுருளையும் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தான். ‘நைரி, இதுக்குத் தனி டிக்கெட் போடணும்’ என்று வழியெல்லாம் பயணிகளிடம் புலம்பினானாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொண்டே எழுத முடியவில்லை. நான் ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. என் ஐம்பத்தெட்டாவது பிறந்தநாள் விருந்து ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, ஒரு சின்னப் படகு வாங்கலாமென்று ஆசை என்று சொன்னேன். காலின் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘இவளா? இவளுக்கு பல்பு மாட்டக்கூட நான்தான் வரணும்’ என்றான். மேஜை முழுக்கச் சிரித்தது. முப்பத்து நாலு வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்டவள், அன்றைக்கும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீ.

மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டினேன்.

வேலையை ஆரம்பிக்கப்போகிறேன். நீ பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும்.

நைரி

*

வைடாங்கி
13 பிப்ரவரி 1997

அக்கா,

இத்துடன் ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். இங்கே மீன் தொழிற்சாலையில் நண்டு சீசன், குளிர்அறை இயந்திரங்கள் இரண்டு மக்கர் செய்கின்றன, உட்கார நேரமில்லை. அதனால் கோடுகள் கொஞ்சம் கோணலாக இருக்கும். எழுத்து சரியாக இருக்கும்.

கரையிலிருந்து கரண்ட் உள்ளே நுழைந்ததும் முதலில் ட்ரிப் ஸ்விட்ச். செருகுவாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற வகை. ஒன்றை மட்டும் வெட்டுவதை எவனாவது விலை குறைவு என்று நீட்டினால், காந்தக் கதையை அவனுக்கும் சொல். முனைகளை முறுக்கித் திருகாதே, லக் என்கிற செம்பு முனைவளையம் போட்டு அழுத்து. அழுத்தியதும் உன் பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்துப் பார். கையோடு வந்தால் கடலிலும் வரும். ஒயர் எங்கேயும் அடித்தட்டுத் தண்ணீர் படுகிற உயரத்தில் போகக் கூடாது. எர்த்தை எஞ்சினோடு சேர்.

ஸ்விட்ச் பலகையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மாட்டு. பலர் இதை விட்டுவிடுவார்கள். நீ விடாதே. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது எரியாது. எரிந்தால் எங்கேயோ தப்பு இருக்கிறது, எதையும் தொடாதே.

உன் கடிதத்தில் மற்ற விஷயத்துக்கு எனக்கு இப்போது பதில் எழுத வரவில்லை. நாலு தடவை உட்கார்ந்தேன்.

ரேவி

*

சி பாலம், ஓனேபு
3 மார்ச் 1997

ரேவி,

பத்தொன்பது நாள் வேலை. எஞ்சினுக்குப் பின்னால் என் உடம்பு நுழையாத இடத்தில் நுழைந்து, முழங்கை தோலெல்லாம் உரிந்து, நாற்பத்து மூன்று லக் அழுத்தி, நாற்பத்து மூன்றையும் இழுத்துப் பார்த்தேன். இரண்டு கையோடு வந்தன. மறுபடி அழுத்தினேன். உன் வரைபடத்தைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், மேலே வெண்ணெய் பட்டுவிட்டது.

ஆய்வாளர் சனிக்கிழமை வந்தார். வாகா என்று பெயர், அதிகம் பேசாத மனுஷன். ஒரு மணி நேரம் டார்ச்சோடு தவழ்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். தன் கருவியை வைத்து அளந்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, “யார் செஞ்சது?” என்றார். “நான்தான்” என்றேன். “ம்” என்றார். அந்த ‘ம்’ எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?

அப்புறம் பாலத்துக் கம்பத்தில் செருகினோம். ட்ரிப் ஸ்விட்ச் விழாமல் நின்றது. விளக்கு எரிந்தது, கெட்டில் முனகியது. ஆனால் அந்தச் சிவப்பு விளக்கும் எரிந்தது.

ஹார்கஸ் பாலத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா? தலைகீழா மாட்டி வச்சிருக்கா. பொம்பளைங்க கைவேலைக்குப் பூத்தையல் இருக்கு, இதெல்லாம் எதுக்கு?” என்று பாலம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கம்பங்களை எல்லாம் போன வருஷமே சோதித்தாயிற்று என்று ஒரு காகிதத்தையும் நீட்டினார். வாகா அதைப் படித்தார். “விளக்கு எரியறவரைக்கும் என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா. பதிமூணாம் தேதி சாயங்காலம் இந்தப் பக்கம் வர்றேன், அதுக்குள்ள பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாளாக எல்லா முனையையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். உன் வரைபடத்தில் இருக்கிறபடிதான் இருக்கிறது. நேற்று மழையில் நனைந்த கையோடு படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபோது எறும்பு ஊர்ந்த மாதிரி சுருக்கென்றது. கற்பனையாக இருக்கலாம்.

உன்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன், மழுப்பாமல் சொல். நான் தப்புச் செய்துவிட்டேனா? அவர்கள் சொன்னது சரிதானா?

நைரி

*

வைடாங்கி
8 மார்ச் 1997
விமானியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெலிங்டனில் விரைவுத் தபாலில் போடுவார்.

அக்கா,

கம்பியில் சுருக்கென்றது கற்பனை இல்லை. இதைப் படித்தவுடன் செருகியிருக்கிற ஒயரைக் கம்பத்திலிருந்து உருவு. ரப்பர் செருப்போடு, உலர்ந்த கையால். நேற்று உங்கள் துறை அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன். ‘சொல்லிடறோம்’ என்றான் ஒருத்தன். சொன்னானா?

உன் வயரிங்கில் தப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆய்வாளர் படகுக்குள் அளந்து சரி என்றார். அப்படியானால் தப்பு வெளியிலிருந்து வருகிறது. பாலத்தின் எர்த் ஒயரிலேயே கரண்ட் இருக்கிறது. ட்ரிப் ஸ்விட்ச் பேஸிலும் நியூட்ரலிலும் போய்வருகிற கரண்டைத்தான் கணக்குப் பார்க்கும். எர்த் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைவது அதற்குத் தெரியாது. உன் விளக்குக்குத்தான் தெரிந்திருக்கிறது.

சோதித்துப் பார். நீள ஒயரை எடுத்துக்கொண்டு டீசல் நிரப்புகிற மேடைக்குப் படகைக் கொண்டுபோ, அங்கே வேறு லைன் இருக்கும். அங்கே செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பாலத்தில்தான் கோளாறு. பிறகு பாலத்துக்குத் திரும்பி வா. வோல்ட் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கி, அதன் ஒரு முனையைக் கம்பத்தின் எர்த் துளையில் வை. இன்னொரு முனையில் ஒயர் கட்டி, அதில் ஒரு ஸ்பூனைக் கட்டித் தண்ணீரில் விடு. முனைகளைத் தொடாதே. மீட்டர் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்.

அதற்கும் முன்னால் இது. அங்கே யாராவது தண்ணீரில் இறங்குகிறார்களா? அது ஆற்று முகம், மழைக்குப் பின்னால் மேலே உப்பே இருக்காது. நல்ல தண்ணீரில் மனித உடம்புதான் கரண்டுக்குச் சுலபமான வழி. கை கால் விறைத்துவிடும், கத்தக்கூட முடியாது. மூழ்கிவிட்டதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள்.

யாரையும் இறங்க விடாதே.

ரேவி

*

சி பாலம், ஓனேபு
14 மார்ச் 1997

ரேவி,

எவனும் சொல்லவில்லை. உன் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. வந்த நிமிஷமே ஒயரை உருவினேன், கடைக்குப் போய் ஒரு மீட்டர் வாங்கினேன். வியாழன் விடிந்ததும் படகை டீசல் மேடைக்குக் கொண்டுபோய்ச் செருகினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

பாலத்துக்குத் திரும்பி வந்து ஸ்பூனைக் கட்டித் தண்ணீரில் விட்டேன். மீட்டர் நூற்றுப் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. பாலத்திலிருந்த ஆறு கம்பங்களிலும் அதேதான்.

எனக்குப் பக்கத்தில் யோஸ்ட் என்று ஒரு டச்சுக்காரரின் இரும்புப் படகு நிற்கிறது. அவருக்கு இரட்டைப் பெண்கள், ஒன்பது வயது. மதியம் பள்ளி விட்டதும் நீச்சலுடை மாட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிப்பார்கள், இரும்பு ஏணியைப் பிடித்து ஏறுவார்கள், மறுபடி குதிப்பார்கள். இரண்டு நாள் மழையில் ஆறு காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்குப் போனேன். ஹார்கஸ் மீட்டரைப் பார்க்கக்கூட இல்லை. “மீட்டர் வாங்கின மறுநாளே பெரிய எஞ்சினியர் ஆயிட்டியா?” என்றார். மெயினை அணைக்கச் சொன்னேன். முப்பது படகுக்கு ஃபிரிட்ஜ் ஓடுகிறது, அணைக்க முடியாது என்றார்.

மணி இரண்டரை. மூன்றரைக்குப் பெண்கள் வந்துவிடுவார்கள்.

பாலத்தின் தலைமாட்டில் மெயின் பெட்டி இருக்கிறது. போய்த் திறந்தேன். கைப்பிடியைக் கீழே இழுத்தேன். கதவை மூடி, என் சைக்கிள் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு முதுகைக் கொடுத்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் பாலம் முழுக்கக் கூடிவிட்டது. ஒருத்தர் ஃப்ரீசரில் அறுபது கிலோ மீன் வைத்திருக்கிறார். ஒரு கிழவனாருக்கு டி.வி.யில் கிரிக்கெட். ‘பைத்தியம் பிடிச்சிடுச்சு, வீட்டுக்காரன விட்டுட்டு வந்ததுலேர்ந்தே இப்படித்தான்’ என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். ஹார்கஸ் பூட்டு வெட்டுகிற பெரிய கத்தரியோடு வந்தார்.

“எந்திரி. இல்லன்னா போலீஸக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. வந்து அளந்து பாக்கட்டும்.”

“நான் வெட்டத்தான் போறேன்.”

“வெட்டுங்க. ஆனா வெட்டினதும் நீங்க முதல்ல தண்ணில இறங்கி அந்த ஏணியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அப்புறம் நான் ஸ்விட்ச போடறேன். நீங்க சொல்ற மாதிரி எல்லாம் சரியா இருந்தா, உங்களுக்கென்ன பயம்?”

அவர் தண்ணீரைப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இறங்கவில்லை. ரேவி, அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பாலமே மாறிவிட்டது.

யோஸ்ட் மெதுவாகக் கேட்டார்: “என் படகு அரிக்காம இருக்க மாட்டியிருக்கற துத்தநாகக் கட்டிங்க மூணு மாசத்துக்கு ஒருதரம் கரைஞ்சு போகுதே, அதுவும் இதனாலயா?” தெரியாது, இருக்கலாம் என்றேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் வந்தபோது அவர் மனைவி பாலத்தின் முனையிலேயே இருவரையும் பிடித்து நிறுத்திவிட்டாள்.

வாகா நாலரைக்குச் சொன்னபடி வந்தார். நான் எழுந்து பூட்டைத் திறந்தேன். அவர் ஸ்விட்சை ஒரு நிமிஷம் போட்டுத் தன் மீட்டரில் ஒருதரம் அளந்தார். முகம் மாறிவிட்டது. உடனே அணைத்துவிட்டுப் பாலத்துப் பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தார். பாலத்துக்கு அடியில் ஒரு இணைப்புப் பெட்டி தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கரைக்குப் போகிற எர்த் அறுந்து, மிச்சமிருந்த துண்டு பேஸில் சாய்ந்து பச்சைபிடித்துக் கிடந்தது. எத்தனை காலமாக என்று சொல்ல முடியாதாம். ஹார்கஸ் காட்டிய காகிதத்தை மறுபடி கேட்டு வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாலத்துக்கு மின்சாரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, என் படகின் கூரைமேல் வைத்து என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ‘வேலை செய்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதும்போது ஸ்பெல்லிங் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

நைரி

*

வைடாங்கி
21 மார்ச் 1997

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் நின்றபடியே படித்தேன். என் கூட வேலை செய்கிறவன் ‘யாராவது செத்துட்டாங்களா?’ என்று கேட்டான். ‘இல்ல, சாகல’ என்றேன்.

அன்றைக்குச் சிரித்தேன். காலின் சொன்னது வேடிக்கை என்பதற்காக இல்லை. அவன் எனக்கு முப்பது வருஷ மீன்பிடிச் சிநேகிதன், அவன் சிரித்தால் நானும் சிரிப்பேன், அவ்வளவுதான். உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன். அதுதான் எனக்கு எழுத வராமல் இருந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையில் இது அடங்காது. என்றாலும் கேட்கிறேன்.

காலினுக்குப் போன் பண்ணினேன். அக்கா வரமாட்டாள், காத்திருக்காதே, சமைக்கக் கற்றுக்கொள் என்று சொன்னேன். ‘நீயுமா?’ என்றான். நானும்தான் என்றேன். இனி என்னோடு மீன் பிடிக்க வரமாட்டான் போலிருக்கிறது.

நாற்பத்து மூன்று லக்கில் இரண்டுதான் கையோடு வந்தது என்கிறாய். என் முதல் வேலையில் ஒன்பது வந்தது.

ரேவி

*

கோட்டுகு, பருவா போகிற வழியில்
30 மார்ச் 1997

ரேவி,

மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். உடனே எடுத்து உபயோகிக்க முடியாது. கொஞ்ச நாள் ஆகும்.

நேற்று ஹார்கஸ் காப்பி போட்டுக் கொடுத்தார், பிஸ்கட்டும் வைத்தார். அப்போதே தெரிந்துகொண்டேன். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கோளாறு ‘கோட்டுகு படகின் வயரிங்காலும் ஏற்பட்டிருக்கலாம்’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். காப்பீட்டுக்காரர்களுக்காகவாம். வெறும் வார்த்தைதானாம். போட்டால் நல்ல இடம், பாலத்தின் தலைமாடு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம். போடாவிட்டால் நாளைக்கு என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க அவருக்கு இஷ்டமில்லை.

ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. குளிர்காலம் வருகிறது. இந்தச் சான்றிதழுக்காகத்தானே இத்தனை பாடும். அப்புறம் கேட்டேன்: “ஏ, பி, டி பாலங்கள் எல்லாம் எப்ப போட்டது?”

“எல்லாம் ஒரே வருஷம்தான்.”

“அளந்து பாத்தீங்களா?”

“அது உனக்கெதுக்கு?”

காகிதத்தைத் திருப்பித் தள்ளினேன். நேராக மீட்டரோடும் ஸ்பூனோடும் மூன்று பாலங்களுக்கும் போனேன். யோஸ்ட் கூட வந்தார். பி பாலத்தில் முப்பத்தெட்டு வோல்ட். யாரும் இந்தத் தடவை பைத்தியம் என்று சொல்லவில்லை. அங்கே இருந்தவர்களே மெயினை இறக்கிவிட்டு வாகாவுக்குப் போன் பண்ணினார்கள்.

நான் கிளம்பிவிட்டேன். பருவா விரிகுடாவில் மீனவர்களின் பழைய துறை ஒன்று இருக்கிறது, அதில் ஒரு இடம் காலி. அங்கே ஒரே ஒரு கம்பம். கடிதத்தை இனி அந்த மளிகைக்கடை முகவரிக்கு எழுது, கடைக்காரம்மா வாங்கி வைப்பாள். நீ சீசன் முடிந்து வருவதானால் வா. படுக்க இடம் உண்டு, முன்பக்கம்தான், சொட்டும்.

இன்று காலை கடல் ஏற்றத்தில் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஹார்கஸ் பாலத்துக்கு வந்தார். நான் நிஜமாகவே போகிறேன் என்று அவருக்கு இன்னமும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்று கேட்டார்: “வீடு வாசல் இல்லாம இந்த வயசுல எங்க போவ?”

கடைசிக் கயிற்றைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன்.

“இதுதான்யா வீடு. எங்க வேணும்னாலும் போகும்.”

நைரி